இன்னொரு முறை ஜிமேட் எழுதலாமா?

எம்பிஏ படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வு முடிந்ததும் திரையில் 605 என்று வந்து நிற்கிறது. எதிர்பார்த்ததோ 655. அந்த ராத்திரியே அடுத்த தேதிக்குப் பணம் கட்டிவிடத்தான் கை துடிக்கும். கட்டாதீர்கள். ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 16 நாள் இடைவெளி எப்படியும் கட்டாயம். இரண்டு நாள் யோசிப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

யோசிக்கும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது உங்களுடைய மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) மதிப்பெண்களை. பிஸினஸ் ஸ்கூலின் சராசரியைப் பிறகு பார்க்கலாம். கடைசியாக எழுதிய இரண்டு மூன்று அதிகாரபூர்வ மாக்குகள் 645, 655 என்று வந்து, நிஜத் தேர்வு மட்டும் 605இல் நின்றிருந்தால், அன்று ஏதோ தவறியிருக்கிறது. மூன்று வாரத்தில் திரும்ப எழுதுவது நியாயம்தான். மாக்குகளே 605, 615 என்று இருந்திருந்தால் தேர்வு உங்களைச் சரியாகத்தான் அளந்திருக்கிறது. அதே தயாரிப்போடு போனால் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். ஒரே ஆள் ஒரே திறமையோடு எழுதினாலும் 20, 30 புள்ளி ஏறி இறங்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 10 புள்ளி ஆசைக்காக மறுபடி எழுதுவது வீண்.

மாக் மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தனிக் கேள்வி. ஜிமேட்டின் அதிகாரபூர்வ எம்பிஏ.காம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மாக்குகளையே திரும்பத் திரும்ப எழுதினால் பழைய கேள்விகள் வரும், மதிப்பெண் பொய்யாக ஏறும். நடுவில் தேநீர் போட எழுந்துபோய் எழுதிய மாக்கும் கணக்கில் சேராது. மூன்று பிரிவு, தலா 45 நிமிடம், நடுவில் ஒரே ஒரு 10 நிமிட இடைவேளை. அப்படி எழுதியதை மட்டும் ஒப்பிடுங்கள்.

அதிகாரபூர்வ மதிப்பெண் வந்ததும் கணக்கில் விவர அறிக்கையும் கிடைக்கும். எந்த வகைக் கேள்வியில் சறுக்கினீர்கள், நேரம் எங்கே போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முடிவை உண்மையில் தீர்மானிப்பது இந்தப் பக்கம்தான். குவாண்டில் (கணக்குப் பிரிவு) 21 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 2 நிமிடத்துக்குச் சற்று மேல். வெர்பலில் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்) 23, 2 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. டேட்டா இன்சைட்ஸில் (தரவுகளை அலசும் பிரிவு) 20, சுமார் இரண்டே கால் நிமிடம். முதல் சில கேள்விகளுக்குத் தலா 4 நிமிடம் கொடுத்துவிட்டுக் கடைசியில் நாலைந்தை விட்டிருந்தால் அது நேரப் பழக்கம். விடையளிக்காத கேள்விக்கு மதிப்பெண் வெட்டு உண்டு, அதனால் குத்துமதிப்பாகவாவது ஒரு விடையைத் தட்டியிருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை மூன்று வாரத்தில் திருத்திவிடலாம். கேள்வி புரிந்தும் வழி தெரியாமல் தவறியிருந்தால் அது பாட அறிவு. அதற்கு வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கணக்கு.

சிங்கப்பூரில் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பள்ளி நாள்களிலிருந்தே கால்குலேட்டரோடு வளர்ந்த கை நம்முடையது. குவாண்டில் கால்குலேட்டர் கிடையாது, டேட்டா இன்சைட்ஸில் மட்டும் திரையில் ஒன்று தருகிறார்கள். கணக்கு தெரிந்தும் பின்னம், சதவீதம் ஆகியவற்றைக் கையால் போடுவதில் நேரம் கரைகிறது. வழி தெரியாததால் வரும் தோல்வி இல்லை இது. தினம் 20 நிமிடம் கையால் போட்டுப் பழகினால் சரியாகும்.

இன்னொன்று, மூன்று பிரிவுக்கும் மொத்தத்தில் சம எடை. ஆனாலும் பொறியியல் படித்தவர்கள் பிரிவு மதிப்பெண் 84இல் இருக்கும் குவாண்டை 86 ஆக்கவே மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள், 74இல் கிடக்கும் டேட்டா இன்சைட்ஸைத் தொடுவதில்லை. ஏறுவதற்கு இடம் இருப்பது அங்கேதான். குறிப்பாகப் பல பக்கத் தகவலைத் திருப்பித் திருப்பிப் படிக்க வைக்கும் மல்டி-சோர்ஸ் கேள்விகள். ஒரு தொகுப்பே மொத்த நேரத்தையும் விழுங்கிவிடும்.

இதற்குப் பிறகு இலக்கைப் பாருங்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ சில ஆண்டுகளுக்கு முன் 700 வாங்கியிருப்பார். அதை வைத்து உங்கள் 645ஐக் குறைவாக எண்ணாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து புதிய வடிவம் மட்டுமே நடக்கிறது. அதன் அளவுகோல் 205 முதல் 805 வரை. சதமான வரிசைப்படி (எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினரை முந்தினீர்கள் என்ற கணக்குப்படி) பழைய 700க்கு நிகரானது புதிய 645. சிங்கப்பூரின் என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு பல்கலைக்கழகங்கள், ஒன்-நார்த்தில் இருக்கும் இன்சியாட் பிஸினஸ் ஸ்கூல் என எதன் எண்ணைப் பார்த்தாலும், அது எந்த அளவுகோல் என்று முதலில் கேளுங்கள். சராசரிக்குக் கீழே இருப்பவர்களும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. உங்கள் எண் வகுப்பின் வழக்கமான எல்லைக்குள் இருந்து, விண்ணப்பக் கெடுவுக்கு ஐந்தாறு வாரமே மிச்சம் என்றால், அந்த மாலைகளைக் கட்டுரைகளுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் கொடுப்பதே மேல்.

எழுதுவது என்று முடிவானால் தேதியைக் கவனமாகப் பிடியுங்கள். ரிசர்விஸ்ட் (தேசிய சேவைப் பயிற்சி) அழைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். தேதி நெருங்க நெருங்க மாற்றும் கட்டணம் கூடும். வீட்டிலிருந்து எழுதுபவர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேல்மாடி வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்தாலும் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் ஞாயிறன்று அதற்கு அனுமதியில்லை. தேர்வு நடக்கும்போது யாராவது அறைக்குள் வந்தால் தேர்வே நிறுத்தப்படலாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பதிவில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பெயரில் எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகன், மகள்) உள்ளவர்களும், இனிஷியலை விரித்து எழுதியவர்களும் இதை இரண்டு முறை சரிபாருங்கள். பெயர் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும்.

பழைய 605 எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் எங்கே அனுப்புவது என்று நீங்கள் முடிவுசெய்கிறீர்கள். அனுப்பாததை ஸ்கூல் பார்க்காது. ஆனால் 12 மாதத்துக்கு ஐந்து முறைதான் எழுதலாம். நல்ல எண் வந்ததும் தூங்கிவிடவும் வேண்டாம்: அதிகாரபூர்வ மதிப்பெண் வெளியாகி 48 மணி நேரத்துக்குள் ஐந்து இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.