'ஆ' சொல்லுங்க

நெற்றியில் மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கிற பழைய ஹெட்லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், 2020 கொரோனா காலம் ஞாபகம் வந்துவிட்டது. ஊரெல்லாம் ஆறடி தள்ளி நின்றபோது, காது மூக்கு தொண்டை டாக்டரான நான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன அறையில் நோயாளியின் மூக்குக்கு அரையடியில் முகத்தை வைத்துக்கொண்டு "ஆ சொல்லுங்க" என்பேன், அவர் என் முகத்திலேயே இருமுவார். வைரஸ் குடியிருப்பதே மூக்கிலும் தொண்டையிலும்தான், எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டாலே தும்மல் வேறு. பிபிஇ கிட் என்ற கவச உடைக்குள் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, மார்கழி விடியலில் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிற மாதிரிதான் தொண்டையைப் பார்த்தேன். மூச்சு விடக் கழுத்தில் துளை போடுகிற ட்ரக்கியாஸ்டமி செய்த நாட்களில் வீட்டில் மாடி அறையில் தனியாகப் படுத்துக்கொள்வேன்.

2021 மே மாதம் கொரோனா வந்தவர்களுக்குக் கருப்புப் பூஞ்சை நோய். கட்டுக்கடங்காத சர்க்கரை, அதோடு ஸ்டீராய்டு. மூக்குக்குள் கருத்துப்போன சதையைப் பார்த்ததும் வயிறு கலங்கும், செத்த சதையைச் சுரண்டி எடுத்தாக வேண்டும், சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டிவந்தது. பூஞ்சைக்கான ஆம்போடெரிசின் ஊசிக்கு உறவினர்கள் சீட்டோடு அலைந்ததை மறக்க முடியாது.

அப்புறம் வாசனை போனவர்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து அம்மா ஒருவர், "கொட்டை வறுக்கிற எடத்துல நின்னாலும் ஒண்ணும் தெரியலீங்க சார்" என்றார். கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், ரோஜா, தினமும் இரண்டு வேளை முகர்ந்து பாருங்கம்மா என்று அனுப்பினேன். நாலு மாசம் கழித்து காப்பித்தூள் பொட்டலத்தோடு வந்தார். "வாசனை வந்துருச்சுங்க, ஆனா காப்பி மட்டும் கருகுன ரப்பர் மாதிரி அடிக்குது, நீங்களே குடிங்க."