சும்மா இராத மீன்கள்

நவம்பர் 2, ஞாயிறு

ஹாலில் மூன்றடித் தொட்டி வைத்தாயிற்று. ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 127 லிட்டர் பிடிக்கும். என்ன மீன் விடுவது என்பதுதான் முடிவாகவில்லை. கடைக்காரர் நிறத்தைக் காட்டியே விற்கப் பார்த்தார். "ப்ளவர்ஹார்ன் எடுத்துக்கங்கண்ணே, வாஸ்துக்கு நல்லது." வாஸ்து கிடக்கட்டும். தீனி போடுகிற ஆளை அந்த மீனுக்கு அடையாளம் தெரியும், கண்டதும் கண்ணாடியோரம் ஓடி வரும். அது எனக்கும் பிடிக்கும். ஆனால் கூட இன்னொரு மீனை வாழவிடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று தலையில் கட்டுகிற சக்கர் மீனும் வேண்டாம். ஓரடிக்கு மேல் வளரும். வளர்த்து அலுத்தவர்கள் கொண்டுபோய் விட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகிக் கிடக்கிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் பார்ப்பதற்கு ஏதாவது நடக்க வேண்டும். அதுதான் என் கணக்கு.

நவம்பர் 5, புதன்

ஃபைட்டர் மீன் ஆசை விடவில்லை. ஆண் மீன் எச்சில் பூசிய காற்றுக் குமிழ்களால் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டும். முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் வைக்கும், நழுவி விழுவதைத் திரும்ப எடுத்து ஒட்டும். டம்ளரில் வைத்து விற்பதால் டம்ளரே போதும் என்று நினைக்கிறார்கள். வெளிக்காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் அதில் சாகாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். அதற்குத் தனித் தொட்டி வேண்டும். இப்போதைக்கு இல்லை.

கேரள ஆற்றுக் குட்டிப் பஃபர் ஓர் அங்குலம்தான் இருக்கும். இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டி நத்தை வேட்டையாடும். நத்தைக்கு நான் எங்கே போவேன்? மற்ற மீன்களின் துடுப்பையும் கடித்து வைக்கும்.

சோழவந்தான் மாமா போனில், "பனையேறிக் கெண்டை பிடிச்சுத் தாரேன் மாப்ள" என்றார். 1791-இல் தரங்கம்பாடியில் அது பனையில் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி எழுதியிருக்கிறார். மரமேறுவது எப்படியோ, செவுள் மூடியின் முள்ளை ஊன்றித் தரையில் நகர்வது நிஜம். இந்த மழைக்காலத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு சோபாவுக்கடியில் போய்விடும். சின்ன மீன்களையும் தின்னும். மாமாவிடம் பக்குவமாக மறுத்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆரஞ்சு குரோமைடு ஆறு வாங்கினேன். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மீன். கழிமுகத்திலும் இருக்கும், நல்ல தண்ணீரிலும் இருக்கும். எங்கள் உப்புக்கரிக்கிற போர் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பெரிய இனத்தைத் தேடவில்லை, இது கைவிரல் நீளத்தோடு நின்றுவிடும். காயல்களில் பெரிய பச்சைக் குரோமைடின் உடம்பில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுக்கும் வேலையும் இதற்கு உண்டு.

நாரை கேட்ட வரத்தால் மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்தில் மீனே இல்லை என்பது ஊரறிந்த கதை. அப்பத்தா அதைப் பிடித்துக்கொண்டது: "சாமி குளத்துலயே இல்லாத மீனு ஒன் வீட்டுக்கு எதுக்குடா?" பிறகு அதுவே நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டது.

நவம்பர் 16, ஞாயிறு

அடித்தளத்துக்கு மீன் தேடிக் கடைசியில் மீன் மார்க்கெட்டுக்கே போனேன். அண்டாவில் அயிரை உயிரோடு நெளிந்தது. ஒரு கைப்பிடி கேட்டேன். "கொழம்புக்குப் பத்தாதேண்ணே!" வளர்க்கத்தான் என்றதும் அந்த அக்கா பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு என்னைக் காட்டியது. நியாயம்தான். மதுரையில் அயிரையைப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்துக் குழம்பில் போடுவார்களே தவிர, உட்கார்ந்து பார்ப்பவர் யார்?

பார்க்க வேண்டும். கடைக்காரர் கொடுத்த கலர் கல்லை எடுத்துவிட்டுப் பொடி ஆற்றுமணலை அலசிப் பரப்பியிருந்தேன். விட்ட வேகத்தில் தலைகீழாகப் பாய்ந்து எல்லாம் மறைந்தன. கொஞ்ச நேரத்தில் அங்கங்கே கண்கள் மட்டும் மணலுக்கு மேலே. பசித்தால் வெளியே வந்து மணலை வாயால் அள்ளும். தீனியை நிறுத்திக்கொண்டு மணலைச் செவுள் வழியே உதிர்க்கும். திடீரென்று ஒன்று விர்ரென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். இந்தக் குடும்பத்து மீன்கள் விழுங்கிய காற்றைக் குடலிலேயே உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் பின்வழியாகக் குமிழாக வெளியேறும். அப்பத்தாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு தாளவில்லை.

கலர் கல்லில் விட்டிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. புதைய வழியில்லாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், நாமும் மந்தமான மீன் என்று சொல்லிவிடுவோம்.

வலையால் பிடிக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே நிமிர்த்தி மடக்கும் முள் ஒன்று உண்டு, நூலில் மாட்டிக்கொள்ளும். கிண்ணத்தால் கோருங்கள்.

இந்த இனத்தை அறிவியல் உலகம் விவரித்தது 1846-இல், திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்று மீனைக் கொண்டு.

நவம்பர் 23, ஞாயிறு

குரோமைடில் ஒரு ஜோடி சேர்ந்து சாய்த்து வைத்த ஓட்டுச்சில்லில் முட்டை ஒட்டியிருக்கிறது. ஒன்று துடுப்பால் விசிறுகிறது, மற்றது காவல், முறை மாற்றிக்கொள்கின்றன. மற்ற நான்கும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் பதுங்கிவிட்டன. அயிரை தலை நீட்டினால் அந்த ஜோடி துரத்துகிறது, அயிரை மணலுக்குள் போய்விடுகிறது.

நவம்பர் 27, வியாழன்

முட்டை பொரிந்துவிட்டது. பெற்றவை மணலில் குழி பறித்துக் குஞ்சுகளை வாயால் கவ்வி அங்கே மாற்றியிருக்கின்றன. நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். அதற்காகக் காத்திருக்கிறோம். ஒதுங்கிய நான்கையும் கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, தண்ணீர் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் ஆர்ச்சர் மீன் வந்திருப்பதாகவும் சொன்னார். அதற்கு எங்கள் போர் தண்ணீரைவிட உப்பான உவர்நீரும், பூச்சி உட்கார நீருக்கு மேலே நல்ல இடைவெளியும் வேண்டும். இந்தத் தொட்டியில் இரண்டும் இல்லை, வேண்டாம் என்றுவிட்டேன்.