ஆச்சி திருத்திய நாரை

நான் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனது வரையத்தான். கேமரா அதற்கு ஒரு துணை. பறவை நமக்காக அரை நிமிஷம் அசையாமல் நிற்காது. கேமரா அதைப் பிடித்து வைத்துக் கொடுத்தால், அப்புறம் வீட்டில் ஆற அமர உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைந்துகொள்ளலாம் என்பது என் கணக்கு. நான் பறவையியல் படித்தவனும் இல்லை, ஓவியப் பள்ளிப் பக்கம் ஒதுங்கியவனும் இல்லை. பாளையங்கோட்டையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு, பழைய நிக்கான் ஒன்று, 70-300 லென்ஸ், ஒரு ஸ்கெட்ச் நோட்டு. சொத்து அவ்வளவுதான்.

மார்ச் முதல் ஞாயிறு. விடியற்காலை நாலரைக்குப் பைக்கை எடுத்தேன். திருநெல்வேலியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ. அதற்குப் பிறகு இருட்டில் பனையும் உடைமரமும்தான்.

ஊரைக் கண் பார்ப்பதற்கு முன்னாலேயே காது கேட்டுவிடும். மஞ்சள் மூக்கு நாரையில் பெரியவற்றுக்கு அநேகமாகக் குரலே கிடையாது. கூட்டில் அலகை அலகோடு தட்டிக் கட்டை தட்டுவது போல ஒரு சத்தம் எழுப்பும், அதோடு சரி. அந்த மௌனத்துக்கெல்லாம் சேர்த்துக் குஞ்சுகள் கத்தித் தீர்க்கின்றன. அடுத்து மூக்கு: மீன் கவிச்சியும் எச்சமும் கலந்த வாடை. பத்து நிமிஷத்தில் பழகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

மற்ற சரணாலயங்களில் கரையில் நின்றுகொண்டு தூரத்து மரத்தைப் பைனாகுலரில் துழாவ வேண்டும். இங்கே குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல் நாரைகள் தெருவுக்குள்ளேயே குடிவந்திருக்கின்றன. வேம்பு, புளி, வீட்டு முற்றத்து மரம் என்று எதையும் விடவில்லை. கீழே வாசலில் கோலம், மேலே கூடு. 1994-ல் அரசாங்கம் இதைச் சரணாலயமாக அறிவித்தது; பரப்பு சுமார் 130 ஹெக்டேர். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பெயர் வந்தது. ஆனால் இதற்கெல்லாம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி இந்த ஊர்க்காரர்தான். பாசம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு நல்ல உரம். ‘நாங்க யூரியாவுக்கு அலையுறது கம்மி’ என்றார் டீக்கடையில் ஒருவர்.

ஒரு வீட்டு வேம்புக்குக் கீழே நின்று லென்ஸை மேலே திருப்பினேன்.

“எய்யா, அந்த வேம்புக்கு அடில நிக்காத. மேல அடிச்சிரும்.”

திண்ணையில் ஒரு ஆச்சி. அவர் சொல்லி முடிக்கவும் என் தோளில் விழவும் சரியாக இருந்தது. சிரித்துவிட்டு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கழுவிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் நான் வைத்திருந்த நோட்டைப் புரட்டியிருக்கிறார். போன மாதம் பறவைக் கையேட்டைப் பார்த்து வரைந்த நாரை அதில் இருந்தது.

“இது எந்த ஊரு நாரை?”

“இந்த ஊருதான் ஆச்சி. மேல நிக்குதே, அதுதான்.”

“அதுக்குக் காலு இப்படியா செவசெவன்னு இருக்கு? நல்லாப் பாரு.”

பார்த்தேன். ஆரஞ்சு நிற மொட்டை முகம், மஞ்சள் அலகு, நெஞ்சில் கரும்பச்சைப் பட்டை, வால் பக்கம் சரிந்து விழும் ரோஸ் இறகு, எல்லாம் நான் போட்டபடியே இருந்தன. கால் மட்டும் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, அங்கங்கே திட்டுத் திட்டாக.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் நான் எடுத்த படங்களிலும் கால் வெள்ளையாகத்தான் விழுந்திருந்தது. வெயிலில் எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) எகிறிவிட்டது என்று நினைத்துச் சில படங்களை அழித்தேன். மீதியில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காலுக்குச் சிவப்பு ஏற்றினேன்! கையேடு சிவப்பு என்கிறது, கேமரா வெள்ளை என்கிறது, நான் கையேட்டை நம்பினேன். எழுத்து, ஓவியம், புகைப்படம் மூன்றையும் கைக்கொண்ட மா. கிருஷ்ணன் 1912-ல் பிறந்தது எங்கள் திருநெல்வேலியில்தான். அவர் படமெல்லாம் கறுப்பு வெள்ளை. இந்தத் தொல்லையே அவருக்கு இருந்திருக்காது என்று அன்றைக்குப் பொறாமையாக இருந்தது.

ஆச்சி திண்ணையிலேயே இடம் கொடுத்தார். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வைத்துக்கொண்டு, ஒரே கூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். வெள்ளைப் பஞ்சு போர்த்திய மூன்று குஞ்சுகள். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தாயோ தகப்பனோ எழுந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, இறக்கையைப் பாதி விரித்தது. குஞ்சுகள் மூன்றும் அந்த நிழலுக்குள் நகர்ந்துகொண்டன. கொஞ்ச நேரம் கழித்து நாரை வாலைத் தாழ்த்தி உடம்பை லேசாக வளைத்து, தன் காலிலேயே எச்சமிட்டது. குறி தவறிவிட்டது என்று நினைத்தேன். இருபது நிமிஷத்தில் மறுபடியும், இந்தத் தடவை அடுத்த காலில். பக்கத்துக் கூட்டிலும் அதே கதை.

“சூட்டுக்குச் செய்யுது” என்றார் ஆச்சி, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே.

அன்று இரவு படித்துப் பார்த்தேன். விஷயம் அதேதான். நாரைக்கு வியர்க்காது. தண்ணீராகப் போகும் எச்சம் காலில் வழிந்து ஆவியாகும்போது காலில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. அந்த ரத்தம் உடம்புக்குள் திரும்பிப் போய்ச் சூட்டைத் தணிக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே மாதிரிதான். காய்ந்த பிறகு தங்கிவிடும் யூரிக் அமிலம்தான் அந்தச் சுண்ணாம்பு.

மத்தியானத்துக்கு மேல் குளத்துக்குப் போனேன். வரித்தலை வாத்து ஒரு கூட்டம் இன்னும் ஊருக்குக் கிளம்பாமல் கரையில் நின்றது. இமயமலையைத் தாண்டி வந்தவை. மேல் அலகு ஓரத்தில் மை தெளித்த மாதிரி புள்ளிகளோடு கூழைக்கடாக்கள் மிதந்தன. வேறு நாளாக இருந்தால் இவற்றுக்கே கார்டு நிறைந்திருக்கும். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது கால் மட்டும்தான்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் நாலைந்து நாரைகள் மீன் தேடிக்கொண்டிருந்தன. பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவும். மீன் பட்டால் பட்டென்று மூடிக்கொள்ளும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. (முழங்கால் என்று பழக்கத்தில் சொல்கிறேன். பறவைக்குப் பின்பக்கமாக மடங்குவது கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள் இருக்கிறது. வரையும்போது இதை மறந்தால் நாரை ஸ்டூல் மாதிரி நிற்கும்.) அதில் ஒன்று மெல்ல நடந்து கரையேறி, எனக்குப் பதினைந்து அடி தூரத்தில் நின்றது. தண்ணீர் தொட்ட இடம் வரைக்கும் ஈரமான இளஞ்சிவப்பு. அதற்கு மேலே திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பு. கோடு கிழித்த மாதிரி. கையேடும் சரி, கேமராவும் சரி, ஆச்சியும் சரி.

அந்த நாரையைத்தான் வரைந்தேன். மூன்று ராத்திரி பிடித்தது. வாட்டர்கலரில் நான் வெள்ளை பூசுவதில்லை, காகிதத்தை அப்படியே விட்டுவிடுவேன். அதனால் கால் முழுவதும் எங்கே தொடக் கூடாது என்கிற வேலைதான். கீழ்ப்பாதிக்கு அலிசரின் கிரிம்சனைத் தண்ணீராகக் கரைத்துத் தொட்டு, அதில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா. மேலே வெற்றுக் காகிதம், ஓரத்தில் மட்டும் சாம்பல் நீலத்தில் நிழல்.

கிளம்பும்போது ஆச்சியின் பேரனிடம் நம்பர் வாங்கியிருந்தேன். படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, ஆச்சியிடம் காட்டச் சொன்னேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது.

‘காலு சரியா இருக்காம். மூக்கு நுனி கீழ வளையணும், நேரா போட்டுட்டாம்னு ஆச்சி சொல்லுதாவ.’

கார்டைப் போட்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைந்துதான் இருந்தது. 340 படத்திலும்.