கடைசி வால்ட்ஸும் ஐந்து பக்கவாத்தியக்காரர்களும்

கச்சேரி நடுவில் வயலின் தந்தி அறுந்துபோவதை மேடையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு விநாடி எவ்வளவு நீளமானது என்று தெரியும். 31 வருடங்களாக மிருதங்கம் வாசிக்கிறேன். நாலைந்து முறை எனக்கு நேர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் காலப்பிரமாணத்தை, அதாவது தாளத்தின் வேகத்தை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நிரவலைப் பாடகர் நீட்டிக்கொள்ள வசதியாக, அலங்காரமில்லாத சீரான சர்வலகுவில் ஓட்ட வேண்டும். தந்தி அறுந்ததே சபையில் பலருக்குத் தெரியாமல் போக வேண்டும்.

1976 நவம்பர் 25 இரவு, சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லாண்ட் அரங்கில், 'த பேண்ட்' என்ற ராக் குழுவின் விடைபெறும் கச்சேரியில், விருந்தாளியாக வந்த கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்கு இப்படித்தான் ஆனது. 'ஃபர்தர் ஆன் அப் த ரோட்' பாட்டில் தன் தனி வாசிப்பைத் தொடங்கிய கையோடு கிட்டாரின் தோள்வார் கழன்றுவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த, குழுவின் கிட்டார்காரர் ராபி ராபர்ட்சன் கண் இமைப்பதற்குள் அந்தத் தனியைத் தன் கிட்டாரில் வாங்கிக்கொண்டார். தாளம் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. கிளாப்டன் வாரைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தபோது பாட்டு அவருக்காகக் காத்திருந்தது. முதன்முறை கேட்டபோது, இவர்கள் நம் ஆட்கள், பக்கவாத்தியக்காரர்கள் என்று மனத்தில் பட்டது. இருபது வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்த எண்ணம் மாறவில்லை.

அந்தக் கச்சேரியின் இசைத்தொகுப்பான 'த லாஸ்ட் வால்ட்ஸ்' 2003ஆம் ஆண்டு என் கைக்கு வந்தது. டொரண்டோவில் இருக்கும் அக்கா ஊருக்கு வந்தபோது நான்கு குறுந்தகடுகள் கொண்ட பெட்டியாக வாங்கி வந்தாள். 1978இல் மூன்று இசைத்தட்டுகளாக வெளியானதை 2002இல் விரிவாக்கி வெளியிட்ட பதிப்பு அது. "எங்கள் ஊர்க்காரர்கள்" என்று சொல்லிக் கொடுத்தாள். அவள் சொன்னது பெரும்பாலும் சரி. 'த பேண்ட்' என்ற அந்தக் குழுவின் ஐவரில் ராபி ராபர்ட்சன், ரிக் டேங்கோ, ரிச்சர்ட் மானுவல், கார்த் ஹட்சன் ஆகிய நால்வர் கனடாக்காரர்கள். டிரம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பருத்திக்காட்டுப் பிள்ளை. டொரண்டோவின் யங் தெருவில் இருந்த மதுக்கூடங்களில் ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகருக்குப் பின்னால் வாசித்துத்தான் ஐவரும் தேறினார்கள். பிறகு பாடகர் பாப் டிலன் அவர்களைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். டிலன் மின்கிட்டாரை எடுத்ததற்காக 1965, 66இல் ஊர் ஊராக ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே பின்னால் நின்று வாசித்தவர்களும் இவர்கள்தான். லெவன் மட்டும் அது பொறுக்காமல் பாதியில் விலகிப் போய், பிறகு திரும்பி வந்தார். வுட்ஸ்டாக்கில் குடியிருந்த நாட்களில் ஊர்க்காரர்கள் இவர்களை வெறுமனே 'பேண்ட்' என்று குறிப்பிட, அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். பெயரிலேயே பக்கவாத்தியம் இருக்கிறது.

1976இல் பயணக் கச்சேரிகளை நிறுத்திவிடலாம் என்று ராபர்ட்சன் முடிவெடுத்தார். மற்றவர்களுக்கு அதில் முழு மனது இல்லை, லெவனுக்கு அறவே இல்லை. விடைபெறும் கச்சேரிக்கு அமெரிக்கப் பண்டிகையான நன்றி நவிலல் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். டிக்கெட் 25 டாலர். அரங்கின் அமைப்பாளர் பில் கிரஹாம் வந்த 5,000 பேருக்கும் வான்கோழி விருந்து போட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாத்தியக்குழு, மூன்று மூன்றாக எண்ணும் நடன இசையான வால்ட்ஸ் வாசிக்க, ஜனங்கள் நடனமாடினார்கள். மேடையின் பின்புலத்துக்கு சான் பிரான்சிஸ்கோ ஆப்பெராவின் 'லா திராவியாத்தா' அரங்கப் பொருட்களை இரவல் வாங்கியிருந்தார்கள். இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்சேசி ஏழு கேமராக்களோடு படம் பிடித்தார். படத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு ஒலிதான் முக்கியம்.

அன்றைய விருந்தாளிகளை எண்ணிப் பாருங்கள்: ரானி ஹாக்கின்ஸ், டாக்டர் ஜான், பால் பட்டர்ஃபீல்ட், மட்டி வாட்டர்ஸ், கிளாப்டன், நீல் யங், ஜோனி மிட்செல், நீல் டயமண்ட், வான் மாரிசன், கடைசியில் டிலன். ஒருவர் பாணி இன்னொருவருக்கு ஒட்டாது. நியூ ஆர்லீன்ஸ் பியானோ ஒரு நடை, சிகாகோ புளூஸ் வேறொரு நடை. ஜோனி மிட்செலின் சுரக்கட்டுகளோ எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே இரவில் இத்தனை பாடாந்தரங்களுக்கும் பக்கம் வாசிப்பது என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம். டிசம்பர் சீசனில் ஒரு நாளைக்கு இரண்டு பாடகர்களுக்கு வாசித்தாலே, இரண்டாவது கச்சேரியின் முதல் கீர்த்தனையில் என் கை பழைய பாடகரைத்தான் தேடும்.

நீல் டயமண்டின் பாட்டு எனக்கு எப்போதும் ஒட்டியதில்லை. அந்த வருடம் ராபர்ட்சன் அவருடைய இசைத்தட்டைத் தயாரித்திருந்தார், அந்தப் பழக்கத்தில் வந்தார். அவ்வளவுதான். ஆனால் மட்டி வாட்டர்ஸ் வரும் இடத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

அறுபது கடந்த புளூஸ் பாடகர். நேரமும் செலவும் போதவில்லை என்று அவரை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடப் பார்த்தார்கள் என்றும், தான் விடாப்பிடியாக நின்றதால்தான் அவர் மேடை ஏறினார் என்றும் லெவன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 'மானிஷ் பாய்' ஒரே சொற்கட்டு. ஐந்து அடி விழும், நிற்கும், மறுபடி விழும். கிளை இல்லை, திருப்பம் இல்லை. இப்படி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் தாளவாத்தியக்காரனுக்குக் கஷ்டமான பரீட்சை. கை சும்மா இருக்காது. ஒரு பரனைப் போடு, ஒரு குறைப்பு வை என்று நச்சரிக்கும். லெவன் எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு அடியையும் துளி தாமதித்து, பாட்டின் முதுகில் சாய்ந்தாற்போல வைக்கிறார். மேலே பால் பட்டர்ஃபீல்டின் மௌத்ஆர்கன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பாடகர் பாடும்போதும் அது நிற்கவில்லை, அவர் நிறுத்தும்போதும் நிற்கவில்லை. தம்புராவுக்கு உயிர் வந்து முனகினால் அப்படி இருக்கும். அந்த நேரத்தில் மற்றக் கேமராக்களெல்லாம் படச்சுருள் மாற்றிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு கேமராதான் ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தத் தற்செயலால் படத்தில் முகம் மாறாமல் மட்டி வாட்டர்ஸையே பார்க்கிறோம்.

நீல் யங்கின் 'ஹெல்ப்லெஸ்' பாட்டில் மேலே மிதந்து வரும் பெண்குரல் ஜோனி மிட்செலுடையது. அவர் அப்போது மேடைக்கு வரவில்லை, திரைக்குப் பின்னால் நின்று பாடினார். தன் முறை வருமுன் முகம் காட்ட வேண்டாம் என்பதற்காக. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் இருட்டில் நின்று இன்னொருவர் பாட்டுக்குத் துணைக்குரல் கொடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

விருந்தாளிகள் இல்லாமல் ஐவரும் தாங்களாக வாசித்தவற்றில் 'த நைட் தே டுரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்' ஒன்றுக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்னாட்டு ஏழை ஒருவன் பாடுவதாக ராபர்ட்சன் எழுதிய பாட்டு. ஆலன் டூசான் அமைத்த ஊதுவாத்தியங்கள் இழவு வீட்டு ஊர்வலம்போல மெல்லத் தொடங்கி வைக்கின்றன. பிறகு லெவன். தலையை மைக் பக்கம் திருப்பி, தொண்டை கிழியப் பாடிக்கொண்டே வாசிக்கிறார். சரணம் முடிந்து பல்லவிக்குள் நுழையும் இடத்தில் அவர் கை ஓர் உருட்டு உருட்டுகிறது. அந்த இடத்தில் பாடகருக்கு மூச்சு எங்கே முடிகிறது என்று டிரம்ஸ்காரருக்குத் தெரியும், இருவரும் ஒருவரே. பாடகரின் மூச்சைப் பார்த்து வாசி என்று என் குரு பத்து வருடம் சொல்லிச் சொல்லி எனக்கு அரைகுறையாக வந்த ஒன்று அது.

இந்தத் தொகுப்பில் பல பகுதிகள் பின்னர் ஸ்டூடியோவில் மறுபடி வாசித்துச் சேர்க்கப்பட்டவை. அது எனக்கு வருத்தம்தான். பிசிறோடு இருந்தாலும் அன்றிரவு விழுந்த ஒலியையே கேட்க விரும்புகிறேன். லெவனுக்கு இருந்த வருத்தம் வேறு. ஐவரும் சமமாகக் கட்டிய குழுவில் ராபர்ட்சனைத் தலைவராகவும் மற்றவர்களைப் பின்னால் நிற்பவர்களாகவும் படம் காட்டிவிட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் லெவன் பக்கம். ஒரு சபாவின் அழைப்பிதழில் பாடகர் பெயருக்குக் கீழே 'பக்கவாத்தியங்களுடன்' என்று மட்டும் அச்சிட்டிருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பியவன் நான்.

விருந்தாளிகள் பலரும் சேர்ந்து பாடும் பாட்டு 'ஐ ஷால் பி ரிலீஸ்ட்'. டிலன் நடுவில் நிற்கிறார். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரான் உட் உட்பட பலர் மேடையை அடைத்து நிற்கிறார்கள். 1968இல் வந்த முதல் இசைத்தட்டில் அந்தப் பாட்டை மெல்லிய பொய்க்குரலில் பாடி உயிர் கொடுத்தவர் ரிச்சர்ட் மானுவல். அன்றிரவும் ஒரு பகுதி அவர் குரலில்தான் வருகிறது. கூட்டத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. இசைத்தட்டில் அந்தக் குறை இல்லை. டிலனின் கரகரப்புக்கு மேலே, உடைந்துவிடுமோ என்று பயப்படும்படி அந்தக் குரல் எழும்பும். பத்து வருடங்களுக்குள், 1986இல், அவர் போய்விட்டார். பிறகு 1999இல் டேங்கோ, 2012இல் லெவன், 2023இல் ராபர்ட்சன். ஐவரில் கடைசியாக இருந்த கார்த் ஹட்சன் 2025 ஜனவரியில் 87 வயதில் காலமானார்.

செய்தி வந்த அன்று மாலை வகுப்புக்கு வந்த பையனிடம் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்தத் தொகுப்பைப் போட்டேன். பதினான்கு வயது. ராக் இசை என்றால் சத்தம் என்று நினைத்திருந்தவன். 'மானிஷ் பாய்' முடிந்ததும் கேட்டான்: "சார், அந்த மௌத்ஆர்கன்காரர் மூச்சே விடவில்லையா?" நான் மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்த முறை அவன் மௌத்ஆர்கனை விட்டுவிட்டு டிரம்ஸைக் கேட்டான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தொகுப்பு முழுவதும் கேட்க அன்று நேரமில்லை. கிளம்புவதற்கு முன் அதன் முகப்பு இசையை மட்டும் போட்டேன், கச்சேரியின் பெயரையே கொண்ட அந்த வால்ட்ஸ். பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றவன், நான் சொல்லாமலே தொடையில் தட்டத் தொடங்கினான். தகிட, தகிட, தகிட. திச்ர நடை.