ஒரு கூடைச் சோறும் நாலாம் வகுப்பும்

நாலாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடம் எப்போதும் காலை 11 மணிக்குத்தான் அமையும். அது முடிந்தால் மதியச் சாப்பாடு. பத்து வயதுப் பிள்ளைகள் 24 பேர், எல்லாருக்கும் பசி. போதாததற்குச் சமையல் கூடத்திலிருந்து பூண்டு வதங்கும் வாசனை ஜன்னல் வழியாக வரும். பாதிக் காது எனக்கு, பாதிக் காது மணிக்கு.

பாங்காக்கிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தாய்லாந்தின் வடகிழக்கே, ஈசான் என்று சொல்லப்படும் பகுதியில் யசோதோன் மாகாணம் இருக்கிறது. 1972இல் உபோன் ராச்சத்தானியிலிருந்து பிரித்த மாகாணம். அங்கே ஒரு பள்ளியில் மூன்று வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரர்களைப் பிள்ளைகள் 'டீச்சர்' என்பார்கள். தங்கள் ஊர் ஆசிரியர்களை 'க்ரூ' என்பார்கள். நம் குருதான் அது. என்னையும் க்ரூ என்றே கூப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12 அங்கே அன்னையர் தினம். அரசி சிரிகிட்டின் பிறந்த நாளை 1976லிருந்து அப்படிக் கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் எல்லாப் பாடத்திலும் அம்மா வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். உள்ளூர் நாட்டுப்புறக் கதை ஒன்றை எளிய ஆங்கிலத்தில் சொல்லலாம் என்று தேடினேன். அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த அம்மா கதை, மகன் அம்மாவைக் கொன்ற கதை. 'கோங் காவ் நோய் கா மே' என்று பெயர். சின்னச் சோற்றுக் கூடையால் தாயைக் கொன்ற கதை.

தாட் தோங் என்ற ஊரில் ஓர் இளைஞன், விதவைத் தாயோடு வாழ்கிறான். உழவுக் காலம். விடிவதற்கு முன்பே வயலுக்குப் போனவன் வெயில் ஏறும்வரை உழுகிறான். சாப்பாடு வரவில்லை. கண் இருட்டுகிறது. கடைசியில் அம்மா தூரத்தில் வருகிறாள், கையில் சோற்றுக் கூடை. கூடை ரொம்பச் சின்னது. இவ்வளவு தாமதமாக வந்து, இவ்வளவு கொஞ்சமாகவா என்று அவனுக்கு ஆத்திரம். கூடைதான் சின்னது, உள்ளே நெருக்கி அடைத்திருக்கிறேன் என்கிறாள் அம்மா. அவன் காதில் விழவில்லை. நுகத்தடியை எடுத்து அடித்துவிடுகிறான். பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிறான். வயிறு நிறைந்துவிட்டது, கூடையில் சோறு இன்னும் இருக்கிறது. அப்போதுதான் திரும்பி அம்மாவைப் பார்க்கிறான்.

கடைசியில் அவன் துறவியாகி, பாவம் கழிய, புறா பறக்கும் உயரத்துக்கு ஒரு ஸ்தூபி கட்டி அம்மாவின் எலும்பை அதில் வைக்கிறான். அந்தச் செங்கல் ஸ்தூபி இன்றும் தாட் தோங்கில் வயல்களுக்கு நடுவே நிற்கிறது.

இதை எப்படிப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது என்று எனக்கு இரண்டு நாள் யோசனை. அதுவும் அன்னையர் தின வாரத்தில். சரி, கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அவன் கோபத்தில் அம்மாவைத் தள்ளிவிடுகிறான், அவள் மயங்கி விழுகிறாள், அவன் அழுகிறான், அவள் கண் விழித்து மன்னிக்கிறாள். படம் எல்லாம் வரைந்து எடுத்துப் போனேன்.

மயங்கி விழுந்த படத்தைக் காட்டியதும் பின்வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "க்ரூ, அந்த அம்மா செத்துட்டாங்க."

இல்லையே, மயக்கம்தான் என்றேன்.

"செத்துட்டாங்க க்ரூ. நாங்க போய்ப் பாத்திருக்கோம்." இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தியின் மாமா வீடு அந்தப் பக்கமாம். வயலுக்குள் கல்லும் செங்கல்லுமாக நிற்கிற ஒன்றை வைத்துக்கொண்டு நான் எங்கே மழுப்புவது? வகுப்பில் கூட இருந்த ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். (அவரைத் தாய் ஆசிரியை என்று எழுதினால் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. இந்த நாட்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாரும் படும் பாடு இது.) அந்தக் கதையைத் தொட்டில் வயதிலிருந்து கேட்டவர்கள் அவர்கள். நேற்று வந்த நான் அவர்கள் அம்மாவை உயிர்ப்பிக்கப் பார்த்தேன். படத்தை மடித்து வைத்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். பாதி ஆங்கிலம், பாதி ஈசான் பேச்சு. என்னைவிட நன்றாகச் சொன்னார்கள்.

பயிற்சித் தாளின் அடியில் 'கதையின் நீதி' என்று ஒரு வெற்றுக் கோடு விட்டிருந்தேன். 'கதன்யூ', அதாவது நன்றி மறவாமை, என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்தேன். பௌத்த நாட்டில் தாயைக் கொல்வதைவிடப் பெரிய பாவம் உண்டா? சிலர் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் முதல் பதிலாக வகுப்பில் கத்திச் சொல்லப்பட்டது வேறு: "மோஹோ ஹிவ்!"

ஹிவ் என்றால் பசி. மோஹோ என்றால் கோபம். பசியில் வரும் கோபத்துக்கு அவர்களிடம் அப்படித் தனியாக ஒரு சொல் இருக்கிறது. அந்த மோஹோ, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள மோகம்தான். நம்மிடம் வந்து ஆசையாக நின்றது, அங்கே போய்க் கோபமாகிவிட்டது. இரண்டுமே கண்ணை மறைப்பவைதானே. மணி 11:40. "எங்களுக்கும் இப்போ மோஹோ ஹிவ்தான் க்ரூ" என்றான் முன்வரிசையில் ஒருவன். அவனை என்ன சொல்ல முடியும்? அவன் அந்த இளைஞனை நியாயப்படுத்தவில்லை. அடித்தது தப்புதான், ஆனால் எப்படி நடந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்கிறான். நான் எழுதி வைத்திருந்த பாடத்தில் பசி என்ற சொல்லே கிடையாது.

அடுத்த வகுப்புக்கு ஒரு 'க்ரதிப்' கொண்டுபோனேன். மூடியும் தோளில் மாட்டக் கயிறும் வைத்த மூங்கில் கூடை. சமையல்கார அக்காவிடம் சொல்லி ஒட்டரிசிச் சோறு வைத்து, நன்றாக அமுக்கித் தரச் சொன்னேன். ஈசானில் மூன்று வேளையும் இந்தச் சோறுதான். இரவு ஊறவைத்து, காலையில் ஆவியில் வேகவைப்பார்கள். ஒரு பிடி கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, காரச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுவது. கூடை என் இரண்டு கைக்குள் அடங்கியது. இது ஒருவருக்குப் போதுமா என்று கேட்டேன். போதாது என்று கூச்சல்.

ஒவ்வொருவராக வந்து ஓர் உருண்டை எடுக்க வேண்டும், எத்தனையாவது என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இருபதுவரை சுலபமாகப் போனது. 24 பேரும் முடித்து, இரண்டாம் சுற்று. தேர்ட்டியும் தேர்ட்டீனும் வழக்கம்போல் முட்டிக்கொண்டன. 48இல் இரண்டாம் சுற்று முடிந்தது. கூடையைச் சாய்த்துக் காட்டினேன். அடியில் இன்னும் சோறு இருந்தது. அதுவரை கும்மாளமாக இருந்த வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. கை நிறையப் பசை, யாரும் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவிடம் என்ன சொல்வீர்கள், ஒரு வரி எழுதுங்கள் என்றேன். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண் மட்டும் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். ஆங்கிலம் வரவில்லை போல என்று பக்கத்தில் போய், உதவட்டுமா, அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். "தெரியாது" என்றாள். அதட்டவில்லை. ஆனால் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்றுகூடத் தெரியாதா என்று சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

அவள் அம்மா பாங்காக்கில் வேலை பார்க்கிறார் என்று ஓய்வறையில் அந்த ஆசிரியை சொன்னார். சோங்க்ரான் புத்தாண்டுக்கு ஏப்ரலில் ஒரு முறை வருவாராம். ஈசானில் இது புதிதில்லை. பெற்றோர் தலைநகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, பிள்ளைகளைப் பாட்டி தாத்தாதான் வளர்க்கிறார்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் வகுப்பில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் 'அம்மா' என்ற சொல்லை அழித்துவிட்டு, 'உங்களுக்குச் சோறு கொண்டுவருபவர்' என்று மாற்றி எழுதினேன். ஆங்கில வாக்கியமாக அது அவ்வளவு அழகாக இல்லை. ஒன்பது பேர் 'யாய்' என்று எழுதினார்கள், அம்மாவைப் பெற்ற பாட்டி. ஒருவன் அண்ணன் என்றான். ஒருவன் சமையல்கார அக்காவை எழுதியிருந்தான், அதுவும் சரிதானே. ஜன்னலோரத்துப் பெண் எழுதியது: 'யாய், நீங்கள் மெதுவாக வாருங்கள். நான் காத்திருப்பேன்.' மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. ஒன்றையும் திருத்தவில்லை.

அன்னையர் தினக் கொண்டாட்டத்தில் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அம்மாக்கள் அமர, பிள்ளைகள் மல்லிகை மாலையோடு முன்னால் மண்டியிட்டுக் காலில் விழுவது வழக்கம். அந்த வரிசையில் நரைத்த தலைகள்தான் அதிகம். அந்தப் பெண்ணின் யாய் வயல் சேற்றைக் கழுவிவிட்டு நேரே வந்திருப்பார் போல, காலில் ஈரம் காயவில்லை.

போகும்போது என்னைத் தேடி வந்தார். தோளில் க்ரதிப். நான் வகுப்பில் சோற்றுக் கூடையை வைத்துப் பாடம் நடத்தியதைப் பேத்தி சொல்லியிருக்கிறாள். கூடையை என் கையில் கொடுத்து ஈசான் பேச்சில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "சின்னதா இருக்குன்னு அடிச்சிடாதீங்கன்னு சொல்றாங்க க்ரூ."

மதியம் அதைத்தான் சாப்பிட்டேன். பாதியைத் தாண்ட முடியவில்லை. மீதியைச் சமையல்கார அக்கா வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அதைத் தட்டி, முட்டையில் தோய்த்து, கரி அடுப்பில் சுட்டு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். 'காவ் ஜீ' என்பார்கள். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது, நன்றாகத்தான் இருந்தது.