கோசோத் தீவின் உப்புப் பாத்திகள்

மால்டாவுக்கு வடமேற்கே, 67 சதுர கிலோமீட்டரில் கிடக்கிறது கோசோ. 1551இல் ஒட்டோமான் படை கோட்டையைப் பிடித்து, தீவுச் சனத்தில் பெரும்பாலானோரை அடிமைகளாகக் கொண்டுபோனது.

எனக்குப் பெரிதாகப் படுவது தீவின் வடகரை ஊரான மார்சல்ஃபோர்ன் பக்கத்து உப்புப் பாத்திகள். கடலோரச் சுண்ணாம்புக் கல்லிலேயே வெட்டியவை. கடல்நீரைப் பெரிய குழியில் விட்டு வெயிலில் சூடேற்றி, பிறகு ஆழம் குறைந்த பாத்திக்கு மாற்றுவார்கள். ஒரு கிழமையளவில் உப்புப் பூக்கும். தும்புத்தடியால் கூட்டிக் குவித்து, நீர் நன்றாக வடிந்த பிறகே சாக்கில் அள்ளுவார்கள். இடையில் மழை பெய்தால் பூத்ததெல்லாம் கரைந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான்.

மட்டக்களப்பில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும், மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே அங்கும் உப்புக் காலம். நமக்கு மாரி தொடங்கும் ஒக்டோபரில் அங்கும் மழைதான். பார்க்கப் போகிறவர்கள் யூலை, ஓகஸ்டில் போங்கள். பாத்தி விளிம்பில் மிதிக்காதீர்கள், கல் உடைந்தால் நீர் கசியும்.