கிருபை பற்றிய தாளை இரண்டாம் முறை எழுதியபோது

குன்னூரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே அஞ்சல்வழியில் இறையியல் பட்டயம் படித்த எனக்கு, பாவமும் இரட்சிப்பும் பற்றிய தாளில் முதல் முறை கிடைத்தது 31 மதிப்பெண்தான். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் கைவசம் இருக்கும்போது தனியாகப் படிக்க என்ன இருக்கிறது என்ற அலட்சியத்தில், ஆதாம் முதல் எல்லா மனிதரும் பிறப்போடே சுமக்கும் ஜென்ம பாவம் பற்றி, பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் கொண்டிருந்த கருத்தை ஆராயச் சொன்ன வினாவுக்கு நான் ஒரு பிரசங்கத்தை எழுதி வைத்திருந்தேன். பக்தி இருந்தது, விடை இல்லை.

இரண்டாம் முறை சொற்களிலிருந்து தொடங்கினேன். பாவம் என்றதும் பாவ புண்ணியக் கணக்குதான் நம் நினைவுக்கு வருகிறது. செய்த குற்றங்களைக் கூட்டினால் வரும் தொகை போல. ஆனால் ரோமர் நிருபத்தின் 5, 6 அதிகாரங்களில் பவுல் பாவத்தைப் பெரும்பாலும் ஒருமையில், மனிதனை ஆண்டுகொள்ளும் ஒரு வல்லமையாகவே பேசுகிறார். அடிமைப்பட்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்பதால்தான் கடவுள் இலவசமாய்த் தரும் தயவாகிய கிருபை அங்கே தேவைப்படுகிறது. இந்த ஒன்று விளங்காமல் மற்றவற்றை எவ்வளவு படித்தாலும் மனத்தில் ஒட்டாது.

கத்தோலிக்க நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் கிருபை என்பது அங்கே அருள் என்றும், இரட்சிப்பு என்பது மீட்பு என்றும் வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். கவனம் தேவைப்படும் சொல் வேறு. பழைய மொழிபெயர்ப்பில் ‘நீதிமான்களாக்கப்படுகிறார்கள்’ என்று வாசிக்கும் நாம், மனிதன் உள்ளே மாற்றப்படுவதைத்தான் அது சொல்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த லூத்தர் முதலான சீர்திருத்தச் சபையினரோ, நியாயாதிபதி தீர்ப்புச் சொல்வதுபோல் கடவுள் அவனை நீதிமான் என்று அறிவிப்பதையே முதன்மையாகக் கொண்டார்கள். 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம், நீதிமானாக்கப்படுவது பாவ மன்னிப்பு மட்டுமன்று, உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும்தான் என்று வரையறுத்தது. சண்டை பெரும்பாலும் இங்கேதான் நடந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிக் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையை இதன் தொடர்ச்சியாக எழுதினால் விடைக்கு ஒரு நிறைவு கிடைக்கும். ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் கிடைக்காது.

தேர்வு மையம் கோயம்புத்தூரில் இருந்தது. முந்தின நாள் கீழே இறங்கும்போது பர்லியாரில் பேருந்து நின்றது. பழக்கடைக்கு எதிரே, தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டிருந்த ஒரு குரங்குக் குட்டியைப் பார்த்ததும், வைணவர்கள் சரணாகதியை விளக்கச் சொல்லும் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி உவமைகள் நினைவுக்கு வந்தன. குரங்குக் குட்டி தானே பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். அகுஸ்தீனும் லூத்தரும் பூனையின் பக்கம். 418-இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்த பெலேஜியஸின் போதனையில் குட்டி தன் காலாலேயே நடந்துபோக வல்லது என்பதால், அவரைக் குரங்கின் பக்கம் வைப்பதுகூடத் தவறு. குட்டிதான் முதலில் கை நீட்ட வேண்டும் என்றவர்களுக்கு 529-இல் ஓரஞ்சு நகரில் கூடிய சங்கம் மறுப்புச் சொன்னது. விசுவாசத்தின் தொடக்கமே கிருபையால் வருவது என்றது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியோ, பற்றிக்கொள்ளும் பலத்தையே தாய்தான் முன்கூட்டிக் குட்டியின் கைக்குக் கொடுக்கிறாள் என்பார். அதையே முந்திச் செல்லும் கிருபை என்கிறோம். திரெந்து சங்கத்தின் நிலையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை.

உவமையை விடைத்தாளில் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை, நீங்களும் எழுத வேண்டாம். வைணவத்தில் அது பிறந்த சூழல் வேறு. ஆனால் முதல் அடியை எடுத்து வைப்பவர் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்க்க அது எனக்குப் பழக்கியது. மறுநாள் கடைசி வினா, கிரியைகளினால் அல்ல, கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்னும் எபேசியர் 2:8, 9 வசனங்களையும், மனுஷன் விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் யாக்கோபு 2:24-ஐயும் ஒப்பிடச் சொன்னது. யாக்கோபு குறை சொல்வது பிசாசுகளுக்கும் உண்டு என்று 19-ஆம் வசனத்தில் அவரே சொல்லும் வெறும் நம்பிக்கையைத்தான் என்று தொடங்கி, எபேசியர் 2:10 நற்கிரியைகளைப் பற்றியே பேசுவதைக் காட்டி எழுதிக்கொண்டிருந்தபோது, நேரம் முடிந்து தாளை வாங்கிக்கொண்டார்கள்.